கியூபெக் பல்கலைக்கழகக் கட்டணம்: வெளிமாகாணப் பிள்ளைக்கு 12,000 டொலர். இதால பிரெஞ்சு பிழைக்குமா?

பாலைப்பழம் (ரொறன்ரோ)

ரொறன்ரோவில 12ஆம் வகுப்பு முடிக்கிற பிள்ளை பிரெஞ்சு மாகாணமான கியூபெக்கில, மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகுது. ஒருத்தர் வருசத்துக்கு 9,000 டொலர் எண்டுறார், இன்னொருத்தர் 12,000 எண்டுறார், பேப்பரில 17,000 எண்டும் கிடந்தது. நீதிமன்றம் ரத்துச் செய்துபோட்டுது எண்டும் கதை. எது சரி? பிரெஞ்சு சோதினை பாஸ் பண்ணாட்டி பட்டம் தரமாட்டினமோ?

கணக்கர்_514

மூன்று தொகையும் ஒவ்வொரு காலத்தில் உண்மைதான்.

2023 இலையுதிர் தவணை வரை மற்ற மாகாணக் கனடியருக்கு ஏறக்குறைய 9,000. அந்த அக்டோபரில் உயர்கல்வி அமைச்சர் பஸ்கால் டெரி அதை 17,000 ஆக்கப்போவதாக அறிவித்தார். ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் (மக்கில், கொன்கோர்டியா, பிஷப்ஸ்) கிளர்ந்தெழ, டிசம்பரில் 12,000 என்று இறங்கினார். 2024 இலையுதிர் தவணையிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதுதான். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் பழைய கட்டணத்திலேயே முடிக்கலாம். ஷேர்புரூக்கில் இருக்கும் பிஷப்ஸ் சின்னப் பல்கலைக்கழகம், வெளிமாகாணப் பிள்ளைகளை நம்பியே ஓடுவது. அதற்கு மட்டும் 825 இடங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் தொகையைப் பார்க்க முதல் பிள்ளை எந்த வகைக்குள் வருகிறார் என்று பாருங்கள். கியூபெக்கில் வகைதான் விலையைத் தீர்மானிக்கிறது. 2024 கணக்கில் மாகாண வாசிக்கு 30 கிரெடிட்டுக்கு (ஒரு முழு வருடப் படிப்பு) சுமார் 3,000, அதாவது கிரெடிட்டுக்கு 100 டொலர் மட்டில். மற்ற மாகாணத்தவருக்குக் கிரெடிட்டுக்கு 400. வெளிநாட்டவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20,000, மேலே எல்லையில்லை.

பல்கலைக்கழகப் பில்லில் இது மூன்று வரியாக வரும். முதல் வரி அடிப்படைக் கட்டணம், எல்லாருக்கும் ஒன்று. இரண்டாவது வரி 'ஃபோர்ஃபெத்தேர்' என்ற கூடுதல் தொகை; வகை மாறினால் மாறுவது இந்த ஒரு வரிதான். மூன்றாவது மாணவர் சங்கம், பதிவு, உடல்நலக் காப்புறுதி போன்ற உபரிகள். செய்தியில் வரும் 12,000 முதல் இரண்டு வரியின் கூட்டு. மூன்றாவதைக் கணக்கில் எடுக்காமல் பட்ஜெட் போட்டுவிட்டு செப்டெம்பரில் முழிக்கிறவர்கள் அதிகம்.

மலைச்சரிவு (மொன்றியல்)

கணக்கர் சொன்ன 'வகை'யில் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த இழையில் பலருக்கு உதவும்.

பிள்ளை கியூபெக்கில் பிறந்ததா? கனடியக் குடியுரிமை உள்ளவர் கியூபெக்கில் பிறந்திருந்தால், இப்போது எங்கே குடியிருந்தாலும் கட்டணத்துக்கு அவர் மாகாண வாசி. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோத் தே நேஜிலும் குடியிருந்து, பிள்ளை பிறந்த பிறகு ரொறன்ரோ ஸ்கார்பரோவுக்கு மாறிய தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சமா? அந்தப் பிள்ளைகள் 12,000 கட்டத் தேவையில்லை. கியூபெக் குடிசார் பதிவகம் தந்த பிறப்புச் சான்றிதழைப் பல்கலைக்கழகக் கணக்கில் ஏற்றினால் போதும். ஒன்டாரியோ முகவரியைப் பார்த்ததும் கணினி தானாக 'வெளிமாகாணம்' என்று போட்டுவிடும். சான்று ஏற்றும்வரை அது மாறாது.

வேறு வழிகளும் உண்டு. தாயோ தகப்பனோ இப்போது கியூபெக்கில் குடியிருப்பது ஒன்று. முழுநேர மாணவராக இல்லாமல் தொடர்ந்து 12 மாதம் கியூபெக்கில் வாழ்ந்திருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதில்தான் வழுக்குகிறார்கள். முதலாம் ஆண்டு படித்துக்கொண்டே 12 மாதம் இருந்துவிட்டு 'நான் வாசி' என்றால் எடுபடாது. படித்த மாதங்கள் கணக்கில் வராது.

பாலைப்பழம்

அட, பிறந்தது மொன்றியல் லாசாலில! அப்ப ஒசாப் (ஒன்டாரியோ மாணவர் உதவிக் காசு) எடுக்கேலாதோ? கியூபெக் ஆள் எண்டு எழுதினா ஒன்டாரியோ காசு தராதோ?

கணக்கர்_514

இரண்டும் வேறு வேறு கோப்பு. கட்டணத்துக்கான வாசி விதி ஒன்று. கடன் உதவிக்கான வாசி விதி இன்னொன்று. பெற்றோர் ஒன்டாரியோவில் இருந்தால் கடன் உதவி ஒன்டாரியோவின் ஒசாப் ஊடாகத்தான், கியூபெக்கில் படித்தாலும். கியூபெக் 1964இலேயே மத்திய மாணவர் கடன் திட்டத்திலிருந்து விலகித் தனித் திட்டம் நடத்துகிறது, அது கியூபெக் குடும்பங்களுக்கு. ஒசாப் படிவத்தில் கட்டணத் தொகையை மட்டும் மாகாண வாசித் தொகையாகப் போடுங்கள். 12,000 என்று போட்டு அதிகம் எடுத்தால் பிறகு திருப்பிக் கேட்பார்கள்.

மற்றது, வருடக் கணக்கு. கியூபெக் பிள்ளை 11ஆம் வகுப்போடு பள்ளி முடித்து, இரண்டு வருடம் செஜெப் என்ற இடைநிலைக் கல்லூரியில் படித்து (மாகாண வாசிக்குக் கல்விக் கட்டணம் இல்லை), பல்கலைக்கழகத்தில் 90 கிரெடிட் எடுக்கும். ஒன்டாரியோப் பிள்ளைக்கு 120 கிரெடிட், நாலு வருடம். மாகாண வாசிக்கு 90 × 100 = 9,000. வெளிமாகாணத்தவருக்கு 120 × 400 = 48,000. 'மூன்று மடங்கு, நாலு மடங்கு' என்று பேப்பர் எழுதுவது வருடத்துக்கு. பட்டத்துக்குப் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேலே. பள்ளியிலேயே ஏ.பி., ஐ.பி. என்ற உயர்மட்டப் பாடங்கள் செய்திருந்தால் முதலாம் ஆண்டில் கொஞ்சம் கழியும். அந்தப் புள்ளிகளுக்கு இப்போது காசு மதிப்பு உண்டு.

செஞ்சதுரம் (கியூபெக் சிட்டி)

கட்டணம் கூடிவிட்டது என்று எல்லாரும் அழுகிறீர்கள். ஏன் இவ்வளவு குறைவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

1960க்கு முன் இந்த மாகாணத்தில் பெரும்பான்மை பிரெஞ்சுக்காரர். ஆனால் பல்கலைக்கழக வாசலில் அவர்கள் தொகை மிகக் குறைவு. மேலாளர் ஆங்கிலத்தில் பேசுவார், தொழிலாளி பிரெஞ்சில் பேசுவார். அதை உடைக்கத்தான் கல்வியைச் சீரமைக்கும் பாரென் ஆணைக்குழு வந்தது, 1967இல் செஜெப், 1968இல் கியூபெக் பல்கலைக்கழக வலையமைப்பு. கட்டணத்தை 540 டொலர் மட்டில் 1990 வரை உறைய வைத்தார்கள். 1977 ஓகஸ்டில் வந்த பிரெஞ்சு மொழிச் சட்டமான 101ஆம் சட்டத்துக்கு முன்பே மலிவுக் கட்டணம் வந்துவிட்டது. இங்கே கட்டணச் சலுகையே ஒரு மொழிக் கொள்கைதான், இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

2012ஐ மறந்துவிடாதீர்கள். மாகாண முதலமைச்சர் ஷரேயின் அரசு ஆண்டுக் கட்டணம் 2,168ஐ ஐந்து வருடத்தில் 3,793 ஆக்கப் பார்த்தது. சிவப்புத் துணிச் சதுரத்தைக் குத்திக்கொண்டு மாணவர்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். செப்டெம்பர் தேர்தலில் அரசு போனது, உயர்வும் போனது. மலிவுக் கட்டணம் இங்கே கிட்டத்தட்ட மொழி உரிமை மாதிரி.

அப்படிக் கட்டிய சலுகையை, நாலு வருடம் ஆங்கிலத்தில் படித்துப் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு ஒன்டாரியோ திரும்புகிறவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? வெளிமாகாண மாணவருக்கு வருடத்துக்குச் சுமார் 110 மில்லியன் டொலர் செலவாகிறது என்று அரசு கணக்குச் சொன்னது. கூடுதல் கட்டணம் புதிய கண்டுபிடிப்பும் இல்லை, 1997இலேயே வந்தது.

வடசென்னை

வரலாறு சரி. ஆனா லாஜிக் இடிக்குதே. பாரிசிலிருந்து இளங்கலைக்கு வர்ற மாணவர் இன்னமும் பழைய வெளிமாகாணக் கட்டணம்தான், 9,000 சொச்சம். ரொறன்ரோவிலிருந்து வர்ற கனடா பிரஜை 12,000. சொந்த நாட்டு மாணவனைவிட வெளிநாட்டு மாணவனுக்குக் குறைவு. உலகத்துல வேற எங்கேயாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?

டிசம்பர் 2023 அறிவிப்புல இன்னொரு விஷயமும் இருந்துச்சு. ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள்ல சேர்ற வெளிமாகாண, வெளிநாட்டு இளங்கலை மாணவர்கள்ல 80 சதவீதம் பேர் பட்டம் முடிக்கிறதுக்குள்ள கியூபெக் அளவுகோல்ல பேச்சு 5ஆம் நிலையை எட்டணும்னு. மொத்தம் 12 நிலை, அதுல 5 இடைநிலையோட ஆரம்பம், ஐரோப்பிய அளவுல பி1 மாதிரி. பூஜ்யத்துலருந்து அங்க போக 350–400 மணி நேரம் வேணும். ஒரு 3 கிரெடிட் பாடத்துல வகுப்பு 45 மணிதான். கணக்குப் போட்டா எட்டு பாடம். பொறியியல் பையன் 24 கிரெடிட்டை எங்க செருகுவான்?

செஞ்சதுரம்

கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள். கியூபெக்கில் ஒரு கிரெடிட் என்றால் 45 மணி மொத்த உழைப்பு, வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து. 3 கிரெடிட் பாடம் 135 மணி. மூன்று பாடம் 405. ஆக எட்டு இல்லை, மூன்று.

பாரிஸ் மாணவருக்குச் சலுகை கொடுப்பது முரண்பாடே இல்லை. அவர் பிரெஞ்சு பேசிக்கொண்டே வருகிறார். கொள்கை மொழிக்காக என்றால் வேறு எப்படி இருக்கும்? ஒரு காலத்தில் அவர்கள் கியூபெக்காரர் விலையிலேயே படித்தார்கள். 2015இல்தான் இளங்கலைக்கு வெளிமாகாணக் கட்டணமாக உயர்த்தினார்கள்.

வடசென்னை

மூணு பாடம்கிறது ஏட்டுக் கணக்கு. வீட்டுப்பாடத்துல இலக்கணம் வரும், பேச்சு வராது. அரசு கேட்டது *பேச்சு* நிலை. நாலு பேர் நடுவுல உட்கார்ந்து வாயைத் திறந்தாதான் வரும். மொன்றியல் டவுன்டவுன்ல நீங்க தட்டுத்தடுமாறி பிரெஞ்சுல ஆரம்பிச்சா, எதிர்ல இருக்கறவர் இரக்கப்பட்டு இங்கிலீஷுக்கு மாறிடுவார். அந்த இரக்கந்தான் பெரிய எதிரி.

அப்புறம், அந்த விதிப்படி பார்த்தாலும் 80 சதவீதம் எட்டலைன்னா தண்டனை மாணவனுக்கு இல்லை, பல்கலைக்கழகத்துக்குத்தான். @பாலைப்பழம், அதனால உங்க கேள்விக்குப் பதில்: பட்டத்தை நிறுத்தி வைக்கிற விதி கிடையாது.

கணக்கர்_514

மொழிச் சண்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, காசு எந்தக் குழாயில் ஓடுகிறது என்று பாருங்கள். உண்மையான கோளாறு அங்கேதான்.

அரசு பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் தலைக்கு மானியம் கொடுக்கிறது. தலை என்றால் முழுநேர மாணவராகக் கணக்கிட்ட எண்ணிக்கை. மருத்துவத்துக்கு எடை அதிகம், இலக்கியத்துக்குக் குறைவு. 2019இலிருந்து வெளிநாட்டு இளங்கலை மாணவரிடம் எவ்வளவும் வாங்கலாம், வாங்கியதைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். முடிவு என்ன? உலகம் முழுக்க ஆங்கிலத்தில் படிக்கக் காசோடு நிற்கிறவர்கள் மக்கிலுக்கும் கொன்கோர்டியாவுக்கும் போனார்கள். ரிமூஸ்கி, ஷிகூத்திமி போன்ற ஊர்களின் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படிக் கூட்டம் வராது. பிரெஞ்சு வலையமைப்புக்கும் ஆங்கில வலையமைப்புக்கும் இடையில் வருமானப் பள்ளம் விழுந்தது. பள்ளத்தைத் தோண்டியது அரசு எழுதிய விதி. இந்த இடத்தில் செஞ்சதுரம் பக்கம் நியாயம் உண்டு.

2023 திட்டம் அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான்: வெளிநாட்டவருக்கு 20,000 தரைவிலை, அதில் ஒரு பங்கை அரசு எடுத்துப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களுக்குப் பிரிப்பது. அதோடு நின்றிருந்தால் நேர்மையான நிதிச் சீர்திருத்தம். வெளிமாகாணக் கட்டண உயர்வையும் அதே மூட்டையில் கட்டி, 'பிரெஞ்சைக் காக்க' என்று மேலே லேபல் ஒட்டினார்கள். விலை கூடினதும் ஆள் வருவது குறைகிறது. ஆள் குறைந்தால் பிரிக்க நினைத்த காசும் குறைகிறது. ஆட்களை விரட்டவும் வேண்டும், அவர்களிடமே காசும் வாங்க வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்காது.

வடசென்னை

நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதைத்தான் தொட்டுச்சு. மக்கிலும் கொன்கோர்டியாவும் 2024 பிப்ரவரியில வழக்குப் போட்டாங்க. 2025 ஏப்ரல் 24 அன்னிக்கு மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பு: கட்டண உயர்வு நியாயமற்றது, இந்த மாணவர்களால பிரெஞ்சுக்குக் கேடுன்னு காட்டப் போதிய தரவு இல்லை. திருத்த ஒன்பது மாச அவகாசம். 80 சதவீத விதியும் அடிபட்டுச்சு.

இதுல பலரும் தப்பாப் புரிஞ்சுக்கறது: 'ரத்து' ஆனதும் மறுநாளே 9,000 ஆகிடலை. மாகாணம் கட்டணமே வாங்கக்கூடாதுன்னும் நீதிமன்றம் சொல்லலை. ஆதாரத்தோட புது விதி போட அரசுக்கு வழி திறந்தேதான் இருக்கு. அதனால செய்தித் தலைப்பைப் பார்க்காம, சேர்ற வருஷத்துப் பல்கலைக்கழகக் கட்டண அட்டவணையை மட்டும் பாருங்க.

தூறல் (மதுரை)

இந்தியாவிலிருந்து கொன்கோர்டியாவில் முதுகலை கணினி அறிவியலுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இதில் என்ன பொருந்தும்? முகவர்கள் 'படித்து முடித்ததும் கியூபெக் பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) சுலபம், பிரெஞ்சை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள்.

மலைச்சரிவு

முகவர் சொல்வது காலாவதியான கதை.

முதலில் கட்டணம். பாடவழி முதுகலைக்கு வெளிநாட்டுக் கட்டணம் முழுதாக. ஆய்வு முதுகலை, முனைவர்ப் பட்டம் இந்தப் புது உயர்வுக்குள் வராது. ஒரே துறையில் 'ஆய்வேட்டுடன்', 'ஆய்வேடின்றி' என்று இரண்டு பதிவு இருக்கும், கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். விண்ணப்பத்தில் எதைத் தொடுகிறீர்கள் என்று பாருங்கள்.

அனுமதி: கியூபெக்குக்கு மட்டும் இரண்டு கட்டம். சேர்க்கைக் கடிதம் வந்ததும் மாகாணத்தின் ஏற்புச் சான்றிதழ் (சி.ஏ.க்யூ.), அது கையில் வந்த பிறகு மத்திய அரசின் படிப்பு அனுமதி. முதல் கட்டம் இல்லாமல் இரண்டாவதைப் போட்டால் திரும்பி வரும்.

பி.ஆர்.: கியூபெக் அனுபவத் திட்டம் (பி.ஈ.க்யூ.) என்று ஒன்று இருந்தது. 2023 நவம்பரிலேயே பட்டதாரிப் பிரிவைப் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு என்று சுருக்கினார்கள். 2024 அக்டோபர் இறுதியில் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தார்கள். 2025 நவம்பரில் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அதற்குப் பதில் திறமைத் தொழிலாளர் தெரிவுத் திட்டம், மாகாண அரசின் அரிமா இணையதளத்தில் விருப்பம் பதிந்து அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். உயர்தகுதிப் பிரிவுக்குப் பிரெஞ்சு பேச்சு 7ஆம் நிலை, எழுத்து 5ஆம் நிலை. 7 என்றால் பி2 மட்டம், பூஜ்யத்திலிருந்து 500–600 மணி. முதுகலை படிக்கும் இரண்டு வருடத்தில் அந்த மணிகளைத் தேடுவதைவிட மதுரையில் இருக்கும்போதே பி1 முடித்துவிட்டுக் கிளம்புவது புத்தி.

தூறல்

7ஆம் நிலை என்றால் தேர்வில் நிஜமாக என்ன செய்யச் சொல்வார்கள்?

மலைச்சரிவு

தெஃப் (டி.ஈ.எஃப்.) என்ற பிரெஞ்சுத் தேர்வை எடுத்தால் பேச்சுப் பகுதி இரண்டு துண்டு. முதல் துண்டு 5 நிமிடம்: ஒரு விளம்பரத் தாள் தருவார்கள், நீச்சல் வகுப்பு, வாடகை வீடு போல ஏதாவது. தொலைபேசியில் விசாரிப்பதுபோல் நீங்கள் பத்துக் கேள்வி மட்டில் கேட்க வேண்டும். இங்கே விழுகிற இடம்: 'இருக்கிறதா, உண்டா, முடியுமா' என்று ஆம்–இல்லைக் கேள்விகளாகவே அடுக்குவது. எத்தனை, எப்போது, ஏன், ஒருவேளை மழை வந்தால், என்று வாக்கிய அமைப்பை மாற்றி மாற்றிக் கேட்டால்தான் புள்ளி ஏறும்.

இரண்டாவது துண்டு 10 நிமிடம்: ஒரு நண்பரை ஏதோ ஒன்றுக்கு இணங்க வைக்க வேண்டும். தேர்வாளர் மறுத்துக்கொண்டே இருப்பார். நண்பர் என்பதால் 'தூ' (நீ) தான், 'வூ' (நீங்கள்) இல்லை. முதல் துண்டில் 'வூ' போட்ட நாக்கு அப்படியே ஓடிவிடும். நம்மில் நீங்கள்–நீ வித்தியாசம் ரத்தத்தில் ஊறியது. ஆனாலும் தேர்வாளர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாரே என்று மரியாதை கொடுத்துப் புள்ளியை இழப்பவர்கள் தமிழர்தான்.

முடிவு இரண்டு வருடம் செல்லும். அதனால் சீக்கிரமே எழுதி வைத்து, அழைப்பு வருமுன் காலாவதியாக விடாதீர்கள்.

செஞ்சதுரம்

அரசே நடத்தும் 'பிரான்சிசாசியோன் கியூபெக்' பிரெஞ்சு வகுப்புகள் இலவசம், 2023 ஜூனிலிருந்து ஒரே சாளரத்தில் பதிவு. நேர்மையாகச் சொன்னால் எங்கள் தரப்பு வெட்கப்பட வேண்டிய இடமும் இதுதான். 2024 இலையுதிரில் காசு இல்லை என்று பல பள்ளிச் சேவை மையங்கள் வகுப்புகளை மூடின. ஒரு கையால் 'பிரெஞ்சு படி' என்று சட்டம், மறு கையால் வகுப்பறைக்குப் பூட்டு. அந்தக் காசுக்கு ஆசிரியர் வைத்தால் கட்டண உயர்வைவிடப் பிரெஞ்சுக்கு நல்லது. இதை வடசென்னை சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வடசென்னை

சொல்லத்தான் வந்தேன் 😄

மேப்பிள்பாகு (லாவல்)

இடையில் ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தில் ஆங்கில மீடியத்தில் படித்த பெற்றோரின் பிள்ளையை இங்கே ஆங்கிலப் பள்ளியில் போட்டு, பிறகு ஆங்கிலச் செஜெப்புக்கு அனுப்பலாமா?

மலைச்சரிவு

பள்ளிக்கு முடியாது. 101ஆம் சட்டம் பார்ப்பது பெற்றோர் ஆங்கிலத்தில் படித்தார்களா என்று மட்டுமில்லை, கனடாவில் தொடக்கக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்தார்களா என்று. யாழ்ப்பாணச் சான்றிதழ் செல்லாது. பெற்றோரில் ஒருவர் ஸ்கார்பரோவில் ஆங்கிலத் தொடக்கப் பள்ளி படித்தவர் என்றால் தகுதிச் சான்றிதழ் கேட்கலாம்.

செஜெப்புக்குச் சட்டத் தடை இல்லை, இடம்தான் நெருக்கடி. 2022இன் 96ஆம் மொழிச் சட்டப்படி மொத்தச் செஜெப் மாணவரில் ஆங்கிலத்தில் படிப்போர் 17.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சான்றிதழ் உள்ளவருக்கு முன்னுரிமை. சான்றிதழ் இல்லாதவர் ஆங்கிலச் செஜெப்பில் இடம் பிடித்தாலும் டிப்ளோமாவுக்குப் பிரெஞ்சு இறுதித் தேர்வைத் தாண்ட வேண்டும். 11 வருடம் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது பெரிய விஷயமில்லை.

கணக்கர்_514

ஒரு குறிப்பு, வெளிமாகாணக் கனடியருக்கு. பிரெஞ்சு இலக்கியம், கியூபெக் ஆய்வுகள் போன்ற சில முதன்மைப் பாடநெறிகளுக்குக் கூடுதல் கட்டண விலக்கு நெடுங்காலமாக உண்டு. மக்கிலிலேயே பிரெஞ்சு இலக்கியம் எடுத்தால் கியூபெக்காரர் விலை. அதில் சேர்ந்து பிறகு பொருளாதாரத்துக்குத் தாவலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பாடநெறி மாறினால் விலக்கும் போகும்.

பாலைப்பழம்

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்டு. பிறப்புச் சான்றிதழ் சின்ன அட்டை மாதிரி ஒண்டு கிடக்குது, பேர் மட்டும்தான், தாய் தகப்பன் பேர் இல்லை. அது காணுமோ?

மலைச்சரிவு

பிறந்த இடம் அதில் அச்சாகி இருக்கிறதா பாருங்கள். கட்டணத்துக்கு அதுதான் தேவை. இல்லாவிட்டாலோ அட்டை தேய்ந்திருந்தாலோ, பெற்றோர் பெயரும் சேர்ந்த நீளப் பிரதியைக் குடிசார் பதிவகத்தில் இணையவழி கேட்டு எடுங்கள். சேர்க்கை உறுதியானதும் இரண்டு பக்கத்தையும் நிறத்தில் ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். தவணைக்கென்று ஒரு கடைசித் திகதி போட்டிருப்பார்கள். அதைத் தாண்டி ஏற்றினால் அடுத்த தவணையிலிருந்துதான் வகை மாறும், கட்டிய 400 டொலர்க் கிரெடிட்டுகள் திரும்பி வராது. ஏற்றிய பிறகு பில்லின் இரண்டாவது வரி மறைந்ததா என்று ஒருமுறை பார்த்துவிட்டே காசைக் கட்டுங்கள்.